தெசலோனிகியில் நல்ல புகாட்ஸா கடையைக் கண்டுபிடிக்க

கிரேக்க நாட்டின் வடக்கே, கடலோர நகரமான தெசலோனிகியில் வேலை நிமித்தமாகக் கொஞ்ச காலம் தங்கியிருந்தேன். அந்த ஊரில் காலைப் பலகாரம் என்றால் புகாட்ஸாதான். மிக மெல்லியதாக இழுத்த மாவுத்தாளுக்குள், பாலும் ரவையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டை வைத்து மடித்து, அடுப்பில் சுட்டெடுப்பார்கள். சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டு, மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிக் கையில் தருவார்கள். இதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. புகாட்ஸாதிகோ என்பார்கள். விடிவதற்கு முன்பே அங்கே அடுப்பு பற்றிவிடும். மதியம் தாண்டினால் பல கடைகளில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

தெருவுக்குத் தெரு இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். ஆனால் ஒரு கடையில் கிடைப்பதற்கும் அடுத்த கடையில் கிடைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். யுனெஸ்கோ 2021இல் தெசலோனிகியை உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கத்திலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஊர் இது. அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளை நம்பித் திறந்த கடைகளும் கூடியிருக்கின்றன. இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் அந்த ஊருக்குப் போகிறவருக்கு எந்த வாசலில் நுழைவது என்று தெரிந்திருந்தால் நல்லது. அங்கே இருந்தபோது நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடிப் பெட்டியை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற மேசையை. கடையின் உள்ளே பளிங்குக்கல் பதித்த பெரிய மேசை இருக்கிறதா, அதில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா, பக்கத்தில் தட்டு நிறைய மாவு உருண்டைகள் கொழுப்பில் ஊறிக்கொண்டிருக்கின்றனவா? இவை கண்ணில் பட்டால் அந்தக் கடையில் ஃபிலோவை, அதாவது அந்த மெல்லிய மாவுத்தாளை, அங்கேயே கையால் இழுக்கிறார்கள் என்று பொருள். இந்த ஒன்று இருந்தால் போதும், கடைக்குள் தயங்காமல் போகலாம். இது இல்லாத கடையில் மற்றதெல்லாம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் நான் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

மாவு இழுக்கும் காட்சி நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. வீச்சு பரோட்டா மாஸ்டர் செய்வதன் அண்ணன் வேலை அது. மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான் சேர்மானம். நன்றாகப் பிசைந்து உருண்டை பிடித்து நேரம் கொடுத்து ஊற விடுகிறார்கள். அப்போதுதான் மாவில் இருக்கிற புரதம் தளர்ந்து, இழுத்தால் அறுந்துபோகாமல் வரும். பிறகு உருண்டையைத் தட்டி, வெண்ணெயோ எண்ணெயோ தடவி, ஒரு ஓரத்தைப் பிடித்துக் காற்றில் சுழற்றிக் கல்மேல் அடிக்கிறார்கள். ஒவ்வொரு வீச்சிலும் தாள் விரிந்துகொண்டே போகும். முடிக்கும்போது அடியில் இருக்கிற கல்லின் ரேகை மேலே தெரியும். ஒரு தாள் மேசையையே மூடிவிடும். நடுவில் இரண்டு மூன்று சிறு தாள்களைக் கூடுதலாக வைத்து, அதன்மேல் கஸ்டர்டை ஊற்றி, நான்கு பக்கமும் மடித்துக் கடித உறை மாதிரி மூடித் தட்டில் வைத்து அடுப்புக்கு அனுப்புகிறார்கள். பழகிய கைக்கு ஒரு தாள் இழுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பழக்கம் வருவதற்கு ஆண்டுகள் ஆகும்.

கையால் இழுத்த ஃபிலோவுக்கும் இயந்திரத்தில் உருட்டிய ஃபிலோவுக்கும் என்ன வேறுபாடு? இயந்திரத்தில் மாவு அழுத்தப்படுகிறது; தாள் ஒரே சீராக, வறண்டு வரும். சுட்டால் முறுகும், ஆனால் கடித்ததும் தூளாகி உதிரும். கையில் மாவு அழுத்தப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. அங்கங்கே கனமும் மெலிவுமாக இருக்கும். மடிக்கும்போது அடுக்குகளுக்கு இடையில் காற்றும் கொழுப்பும் சிக்கிக்கொள்கின்றன. அடுப்புச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து அடுக்கைத் தூக்குகிறது. அதனால் மேல்தாள் மொறுமொறுவென்றும், கஸ்டர்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற உள்தாள் மிருதுவாகவும், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இழுவையோடும் இருக்கும். ஒரே வாயில் இந்த மூன்றும் வந்தால் நல்ல புகாட்ஸா. மேலே மட்டும் மொறுமொறுத்து உள்ளே மொத்தையாக இருந்தால் தொழிற்சாலைச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

தொழிற்சாலைச் சரக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிரேக்கம் முழுக்க உறைநிலையில் பெட்டி பெட்டியாக வரும் புகாட்ஸாவே அதிகம் விற்கிறது. கடைக்காரர் அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தருகிறார், அவ்வளவுதான். பசிக்குச் சாப்பிட அதிலும் தவறில்லை. ஆனால் புகாட்ஸாவுக்காகவே பயணம் போகிறவர் அதை அடையாளம் கண்டு ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் துண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். ஓரங்களில் பொசுங்கல், சுருக்கம் எதுவும் இருக்காது. காலை முதல் இரவு வரை எந்த நேரம் போனாலும் கிடைக்கும். அதே கடையில் பீட்ஸா, சாண்ட்விச், குவாசான், டோனட் என்று இருபது முப்பது சாமான் வரிசை கட்டியிருக்கும். கடலோர நடைபாதைப் பக்கம் ஒரு கடையில் எனக்கு இப்படித்தான் ஒரு துண்டு கிடைத்தது. விளக்குச் சூட்டில் நெடுநேரம் இருந்ததால் மேல்தாள் தோல் மாதிரி ஆகியிருந்தது. வாசலில் படம் எடுக்கும் கூட்டம் மட்டும் குறையவில்லை.

நேரம் மிக முக்கியம். புகாட்ஸாவின் ஆயுள் குறைவு. அடுப்பிலிருந்து இறங்கிய முதல் கால் மணி நேரம்தான் அதன் பொற்காலம். பிறகு கஸ்டர்டிலிருந்து வரும் ஆவி அடித்தாளை நனைக்க ஆரம்பித்துவிடும். ஆகவே நல்ல கடை என்பது விற்பனை வேகமாக இருக்கிற கடை. தட்டு காலியாகிக் காலியாகிப் புதுத்தட்டு வந்துகொண்டிருக்க வேண்டும். வேலை நாட்களில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, அலுவலகம் போகிறவர்களும் மாணவர்களும் வரும் நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் தாமதமாகவும் போகலாம். தேவாலயத்திலிருந்து திரும்புகிறவர்கள் வீட்டுக்குப் பெட்டி கட்டி வாங்கிப் போவார்கள், அடுப்பு ஓயாது. கடைக்குள் நுழைந்ததும் வாங்கிவிடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். புதுத்தட்டு வரப்போகிறது என்று தெரிந்தால் காத்திருங்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆகஸ்ட் மாதம் போவதாக இருந்தால் மட்டும் கவனம்: ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிக் குடும்பமாக நடத்துகிற கடைகள் பலவும் விடுமுறை விட்டுவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். புகாட்ஸாவைத் துண்டு போட அகலமான ஒரு கத்தி வைத்திருப்பார்கள். கசாப்புக் கத்தி அளவுக்குப் பெரியது. முழுத் துண்டை மரப்பலகையில் வைத்து, மேலும் கீழுமாய் வேகமாகத் தட்டிச் சிறு சதுரங்களாக நறுக்கிவிடுவார்கள். முள்கரண்டியில் ஒரே குத்தில் எடுத்து வாயில் போடுகிற அளவு. நல்ல ஃபிலோ என்றால் அந்தக் கத்தி இறங்கும்போது சடசடவென்று சத்தம் வரும். கடை வாசலில் நின்றாலே கேட்கும். சத்தம் மந்தமாக இருந்தால் தாள் நமத்துப்போயிருக்கிறது. முழுத் துண்டாக வேண்டுமா, நறுக்கித் தர வேண்டுமா என்று சில இடங்களில் கேட்பார்கள். நறுக்கியே வாங்குங்கள். எல்லா வாயிலும் ஓரமும் நடுவும் மாறி மாறி வரும். கஸ்டர்டும் சீக்கிரம் ஆறி நாக்கைச் சுடாமல் இருக்கும்.

இனி கஸ்டர்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மஞ்சள் பளிச்சென்று இருந்தால் முட்டை தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நிறம் கலந்த பொடியின் வேலை. பாலும் ரவையும் வைத்துக் காய்ச்சிய கஸ்டர்டு வெளிர்ந்த தந்த நிறத்தில் இருக்கும். நாக்கில் ரவையின் மெல்லிய நறநறப்பு லேசாகத் தட்டுப்படும். சோள மாவு அதிகமானால் கஸ்டர்டு பசை மாதிரி இழுபடும், நறுக்கிய முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும். நறுக்கியதும் கஸ்டர்டு தண்ணீராய் ஓடவும் கூடாது, கட்டியாய் நிற்கவும் கூடாது. மெதுவாக ஓரத்தில் சரிய வேண்டும். வெனிலா வாசனை மூக்கில் குத்தினால் பால் சரியில்லை என்று நான் சந்தேகப்படுவேன். இனிப்பும் அளவாக இருக்க வேண்டும். மேலே சர்க்கரைத் தூள் வரப்போகிறது என்று தெரிந்து உள்ளே கையைச் சுருக்குகிறவர்தான் நல்ல பலகாரக்காரர். சர்க்கரை தூவுவதற்கு முன்னால் ஒரு துண்டைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள், கஸ்டர்டின் தரம் அப்போதுதான் தெரியும்.

அந்தப் பட்டைத் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கடையில் டப்பாவைத் திறந்ததும் மணம் எழும். மணமே இல்லாத பழுப்புத் தூளாக இருந்தால் அந்தக் கடை மற்ற பொருளிலும் சிக்கனம் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைகள் ஏன் இந்த ஊரில் இவ்வளவு என்று கேட்டால் பதில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் போகிறது. 1912 வரை தெசலோனிகி ஒட்டோமான் பேரரசின் ஊர். 1922இல் ஆசியா மைனரில் கிரேக்கப் படை தோற்றது. அடுத்த ஆண்டு லோசான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே மக்களே பரிமாறப்பட்டார்கள். மதத்தை வைத்துக் கணக்கிட்டு, கிறித்தவர்களை இங்கேயும் முஸ்லிம்களை அங்கேயும் அனுப்பினார்கள். தெசலோனிகிக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்து சேர்ந்தார்கள். 1917ஆம் ஆண்டின் பெருந்தீயில் நகர மையமே சாம்பலாகியிருந்த சமயம் அது. கொன்ஸ்தாந்தினோப்பிளிலும் கப்படோக்கியாவிலும் மாவு இழுத்துப் பிழைத்தவர்கள் இங்கேயும் அதையே செய்தார்கள். பெரிய முதல் தேவையில்லை; ஒரு மேசை, ஒரு அடுப்பு, கையில் தொழில். விடியற்காலையில் துறைமுகத்துக்கும் பட்டறைக்கும் போகிறவர்களுக்குச் சூடாக, வயிறு நிறைகிற ஒன்று வேண்டியிருந்தது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் கையில் எடுத்து வர முடிந்தது இந்தத் தொழில் ஒன்றுதான் என்று நினைக்கும்போது, அந்தப் பளிங்கு மேசைமேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது.

இந்த வரலாறு கடை தேடவும் உதவும். அகதிகள் குடியேறிய பகுதிகள் இன்றும் குடியிருப்புப் பகுதிகளாகவே இருக்கின்றன: கலமாரியா, தூம்பா, நெயாபோலி, சிக்கியெஸ். சுற்றுலாப் பயணிகள் அங்கே அதிகம் போவதில்லை. அங்கே ஒரு மூலைக்கடையில் மேசை போட்டு உட்கார்ந்து பெரியவர்கள் நாளிதழ் படித்துக்கொண்டு புகாட்ஸா சாப்பிடுகிறார்கள் என்றால், அந்தக் கடையை நம்பலாம். தினமும் வருகிறவரை ஏமாற்றி எந்தக் கடையும் நெடுநாள் ஓட்ட முடியாது. நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கடை. பெயர்ப்பலகை வெளுத்துப்போயிருக்கும், உள்ளே நாலு மேசை. பல காலைகள் எனக்கு அங்கேதான் விடிந்தன.

பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு: நகர மையத்தின் மேற்கு ஓரத்தில் பனாகியாஸ் ஃபனெரோமெனிஸ் தெருவில் 'பாந்திஸ்' இருக்கிறது. 1969இல் தொடங்கிய கடை. குடும்பத் தொழில், ஃபிலோவை இன்றும் கையால்தான் இழுக்கிறார்கள். சிறிய இடம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஊரில் எனக்கு மிகப் பிடித்த கஸ்டர்டு புகாட்ஸா இங்கேதான். மேல்தாளின் மொறுமொறுப்பும் உள்ளே பாலின் சுவையும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இருக்கின்றன. மித்ரோபோலியோஸ் தெருவில் 'யானிஸ்' இருக்கிறது. இரவில் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் விடியலுக்கு முன் பசியாறும் கடை என்று பெயர் பெற்றது. சுவையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு பாந்திஸுக்கு. ஆனால் இரவு நேரத்தில் இந்த ஊர் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க யானிஸ்தான் சரியான இடம். 'எஸ்திரேயா' என்ற காப்பிக்கடையில் குவாசானுக்குள் புகாட்ஸா கஸ்டர்டை அடைத்து 'புகாட்ஸான்' என்று விற்கிறார்கள். இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சுவையானதுதான், ஆனால் அது வேறு பலகாரம்.

போக்குவரத்து இப்போது எளிது. நெடுங்காலம் தோண்டிக்கொண்டே இருந்த மெட்ரோ, 2024 நவம்பர் 30 அன்று ஓடத் தொடங்கியது. தோண்டும்போது கிடைத்த பைசாந்தியக் காலத்துப் பளிங்குச் சாலையை வெனிசெலூ நிலையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். காலைப் பலகாரம் முடித்துவிட்டு அதைப் பார்க்கலாம். அங்கிருந்து கபானிச் சந்தையும் மோதியானோச் சந்தையும் நடக்கிற தூரம்.

வாங்குவதற்கு நாலு சொல் போதும். கஸ்டர்டு வைத்தது 'மே க்ரெமா', சீஸ் வைத்தது 'மே திரி', கீரை வைத்தது 'மே ஸ்பனாகி', கொத்துக்கறி வைத்தது 'மே கிமா'. 'கலிமேரா' என்று காலை வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் முகம் மலரும். பொட்டலம் என்றால் 'பகேட்டோ'. குடிக்கப் பலரும் குளிர்ந்த பால் அல்லது கோகோ கலந்த பால் வாங்குகிறார்கள். சர்க்கரைக்கு மேல் சர்க்கரை வேண்டாம் என்று நினைத்தால் இனிப்பில்லாத கிரேக்கக் காப்பி, அதாவது 'ஸ்கேத்தோ' கேளுங்கள். கஸ்டர்டு புகாட்ஸாவோடு அதுதான் எனக்குச் சரியான ஜோடி. இருவராகப் போனால் ஒன்று கஸ்டர்டு, ஒன்று சீஸ் வாங்கி, சீஸில் ஆரம்பித்துக் கஸ்டர்டில் முடியுங்கள். அந்த உப்புக்குப் பிறகு கஸ்டர்டின் பால்சுவை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கஸ்டர்டில் முட்டை சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். 'எஹி அவ்கா?' என்று கேட்டால் முட்டை இருக்கிறதா என்று கேட்டதாகப் புரிந்துகொள்வார்கள். கொத்துக்கறி புகாட்ஸாவும் அதே பலகையில், அதே கத்தியில்தான் நறுக்கப்படும். அது மனசுக்கு ஒவ்வாதவர்கள் காலையில் சீக்கிரம் போய், கத்தியைத் துடைத்து நறுக்கச் சொல்லிக் கேட்கலாம், அல்லது துண்டு போடாமல் முழுதாக வாங்கலாம். எந்தக் கொழுப்பில் மாவை இழுக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெய், மார்கரின், எண்ணெய் என்று கடைக்குக் கடை மாறும். பால்கூடத் தொடாதவர்கள் 'நிஸ்திசிமோ' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டை விலக்கிச் சாப்பிடுவது கிரேக்கத் திருச்சபையின் வழக்கம். அந்த நாட்களில் பலகாரக் கடைகளில் விரதத்துக்கு ஏற்ற கீரைப் பலகாரம் தனியாகக் கிடைக்கும். கஸ்டர்டு மட்டும் விரதத்துக்கு ஆகாது.

மதியத்துக்குப் பிறகு கஸ்டர்டு ஆசை வந்தால் புகாட்ஸாவைத் தேடாமல் வேறு பக்கம் திரும்புங்கள். கலாக்தோபூரெகோ என்றொரு பலகாரம் இருக்கிறது. அதே ரவைக் கஸ்டர்டுதான், ஆனால் தட்டு முழுக்க ஃபிலோ அடுக்கிச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். பாகும் பலகாரமும் இரண்டும் சூடாக இருந்தால் ஃபிலோ கூழாகிவிடும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருக்க வேண்டும். இதைக் கவனமாகச் செய்கிற கடையில் மறுநாள்கூட மேல்தாள் மொறுமொறுப்பு விடாது. வாங்குவதற்கு முன் தட்டின் அடியைப் பாருங்கள். பாகு குளம் கட்டி நின்றால் விட்டுவிடுங்கள். வெனிசெலூ தெருவில் 1908 முதல் இருக்கிற 'ஹட்ஸிஸ்' கடையில் ஒட்டோமான் கால இனிப்புகளை இன்றும் பார்க்கலாம்.

நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் பனோரமா என்ற பகுதி. அங்கேதான் 'த்ரிகோனா' பிறந்தது. ஃபிலோவைக் கூம்பாக மடித்துச் சுட்டுப் பாகில் நனைத்து, குளிர்ந்த கஸ்டர்டை நிரப்பித் தருகிற இனிப்பு. 'எலெனிதிஸ்' கடை 1960 முதல் இதைச் செய்துவருகிறது; நகர மையத்திலும் அவர்களுக்குக் கடை உண்டு. வாங்கும்போது உங்கள் கண்முன்னே கஸ்டர்டை நிரப்புகிறார்களா என்று மட்டும் பாருங்கள். முன்கூட்டியே நிரப்பி வைத்தால் கூம்பு இளகிவிடும். இனிப்பு அதிகம், இருவருக்கு ஒன்று போதும்.

தெசலோனிகிக்கு வெளியே போகிறவர்களுக்கு: வடகிழக்கே செரெஸ் நகரம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். புகாட்ஸா தங்கள் ஊர்ச் சொத்து என்று அந்த ஊர்க்காரர்கள் உரிமையோடு சொல்வார்கள். தெசலோனிகிக் கடைப் பலகைகள் பலவற்றில்கூட செரெஸ் பெயர் இருக்கும். ஒரு நாள் கிடைத்தால் போய் வாருங்கள். கிரீட் தீவில் ஹானியா நகரத்து 'யோர்தானிஸ்' 1924 முதல் இருக்கிறது. அங்கே கஸ்டர்டே கிடையாது. அந்தத் தீவின் மிசித்ரா சீஸை வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரை தூவித் தருகிறார்கள். உப்பும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும் அந்தச் சுவை, கஸ்டர்டை எதிர்பார்த்துப் போகிறவரைத் திகைக்க வைக்கும். அதே தீவின் ஹெராக்லியோனில், சிங்க நீரூற்றுச் சதுக்கத்தில் 1922இல் ஓர் ஆர்மீனிய அகதி தொடங்கிய 'கிர்கோர்' இருக்கிறது. அங்கே கஸ்டர்டும் கிடைக்கும், சீஸும் கிடைக்கும். கிரீட்டில் முதலில் சீஸ், பிறகு கஸ்டர்டு என்பது என் யோசனை. ஏதென்ஸைவிட்டு நகர நேரமில்லாதவர்கள் ப்சிரி பகுதியில் வடக்கத்தி முறையில் செய்கிற கடையைத் தேடலாம். அங்கேயும் அதே சோதனைதான்: மாவு இழுக்கும் மேசை கண்ணில் படுகிறதா?

விடுதிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி சிக்கி, அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஃபிலோ நனைந்துவிடும். வேறு வழியில்லை என்றால் பெட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். சர்க்கரையையும் பட்டையையும் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் ஆகவே ஆகாது. அடுப்பிலோ, எண்ணெய் விடாத தோசைக்கல்லிலோ சிறு தீயில் வைத்தால் ஓரளவு உயிர் வரும். கடையில் நின்றுகொண்டே சாப்பிடுவதற்கு ஈடாகாது.

கையால் ஃபிலோ இழுக்கிற கடைகளில் விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதிகாலையில் எழுந்து மாவு பிசைகிறவரின் கூலி அதில் இருக்கிறது; பெட்டிச் சரக்கை வாங்கிச் சூடாக்குகிற கடைக்கு அந்தச் செலவு இல்லை. நாம் எந்த மேசைக்குக் காசு கொடுக்கிறோமோ அந்த மேசைதான் நிலைக்கும். ஆகவே தெசலோனிகிக்குப் போனால், விடுதியில் இலவசமாகத் தருகிற காலை உணவை ஒரு நாளாவது விட்டுவிட்டு, எட்டு மணிக்கு முன்பே ஃபனெரோமெனிஸ் தெருவுக்கு நடந்து போய், 'மே க்ரெமா' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நன்றாக இருந்தால் மேசையில் நிற்கிறவரிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.